அண்ணாச்சி பதில்கள்: சிமெண்ட் மூட்டைக்கு யார் கூலி கொடுக்குறது?

கேள்வி: அண்ணாச்சி, நான் கொத்தனார். மலையில காணிக்காரப் பழங்குடிக குடியிருப்புல, அரசு வீட்டுத் திட்டமான கலைஞர் கனவு இல்லத்துல வீடு கட்டித் தாரியான்னு கேக்காங்க. வீட்டுக்கு அரசு கொடுக்குறது மூன்றரை லட்சம். கீழ ஊர்லயே அந்தக் காசுக்கு இழுத்துப் பிடிச்சுதான் முடிக்கோம். மேல போனா கைக்காசு போயிருமோன்னு பயமா இருக்கு. எடுக்கலாமா?
- வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: எடுங்க தம்பி, ஆனா ஏத்துகூலி யார் தலையிலன்னு முதல்லயே பேசி எழுதி வாங்கிட்டு எடுங்க. உங்க பயம் நியாயமான பயம். வீடு 360 சதுர அடி, மேஸ்திரிமாரு போடுற கணக்குப்படி சதுர அடிக்கு 0.4 மூட்டைன்னு வச்சாலும் 144 மூட்டை சிமெண்ட், அதுவே 7 டன்னுக்கு மேல வருது, அதுக்குப் பொறவு செங்கல் இருக்கு, ஜல்லி இருக்கு, கம்பி இருக்கு. பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி லாரி எதுவரைக்கும் போகுமோ அதுவரைக்கும் சரி, அதுக்கு மேல தலைச்சுமைதான். இஞ்சிக்குழிக் குடியிருப்புன்னா காரையாறு அணையில படகு ஏறி, இறங்குன பொறவும் நடக்கணும், 50 கிலோ மூட்டைய ஒருத்தர் தூக்கிட்டுப் போனா 144 நடை, சிமெண்டுக்கு மட்டும்! வீட்டுக்குப் பக்கத்துலயே ஆறு ஓடும், ஆனா புலிகள் காப்பகம், ஒரு சட்டி மணல் அள்ளக் கூடாது, கல்ல உடைச்சுச் செய்யுற எம்சாண்ட் மணலையும் கீழ இருந்துதான் ஏத்தணும்.

பிரதமர் வீட்டுத் திட்டத்துல சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு 1.30 லட்சம்னு வச்சிருக்காங்க. வித்தியாசம் 10,000. அத அந்த 144 மூட்டைக்குப் பங்கு வச்சா மூட்டைக்கு 70 ரூபா கூட வரல, செங்கலுக்கும் கம்பிக்கும் ஒண்ணுமே மிஞ்சாது. எனக்கு இதுலதான் மனசு ஆறல. மலையில வீடு பாதியில நிக்குறதப் பாத்தா "அந்த மக்களுக்கு அக்கறை இல்ல"ன்னு சுலபமா சொல்லிட்டுப் போயிருதாங்க, சுமந்த கூலிய யாரும் கணக்குல சேக்கல. ஏத்துகூலிய வீட்டுக் காசுல இருந்து எடுக்கவே கூடாது, அரசு தனியாக் கொடுக்கணும், நீங்களும் அந்த ஊர்க்காரங்களும் சேந்து கலெக்டர்ட்ட மனுவாக் கொடுங்க.

உங்க கையில இருக்க வித்தையும் ஒண்ணு உண்டு. எலிப்பொறிக் கட்டு, அதான் செங்கல்ல நெட்டுக்குத்தா நிறுத்தி நடுவுல பொந்து விட்டுக் கட்டுறது. செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், அவ்வளவு சுமை குறையும், சுவரும் சூடு ஏறாது. இந்த மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துல லாரி பேக்கர்னு இங்கிலாந்துல பொறந்த ஆர்கிடெக்ட் இந்தக் கட்டுல ஏகப்பட்ட வீடு கட்டிக் கொடுத்துட்டு 2007ல காலமானாரு. ஒன்றிய இன்ஜினியர்ட்ட கேட்டுட்டுச் செய்யுங்க, இல்லன்னா பில் பாஸ் ஆகாது. பொங்கல் கழிஞ்சதும் வானம், அதான் அஸ்திவாரக் குழி, தோண்டிருங்க, வைகாசி கடைசிக்குள்ள தளம் போட்டிரணும், அங்க ரெண்டு பருவ மழையும் அடிக்கும்.

கேள்வி: அண்ணாச்சி, நாங்க காணிக்காரங்க. பழங்குடிகளுக்கு ஜன்மன் திட்டத்துல வீடுன்னு டிவியில சொன்னாங்க. ஆபீஸ்ல போய்க் கேட்டா உங்களுக்கு இல்லங்காங்க. ஏன்?
- வாசகி, சேர்வலாறு

பதில்: தாயி, அவங்க சொன்னது சரிதான், ஆனா காரணத்தையும் உங்கள உக்கார வச்சு சொல்லியிருக்கணும். 2023 நவம்பர்ல வந்த அந்தத் திட்டம் ரொம்ப நலிஞ்ச பழங்குடின்னு தனியாப் பட்டியல் போட்டவங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டுல அது ஆறு பேரு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். காணிக்காரர் எஸ்.டி பட்டியல்ல இருக்கீங்க, இந்த ஆறுல இல்ல. நம்ம புளியங்குடிப் பக்கத்துப் பளியர் கதையும் இதேதான். அதனால உங்களுக்கு வழி கனவு இல்லமும் பிரதமர் திட்டமும்தான், அதுக்கு இடம் உங்க பேர்ல இருக்குன்னு காகிதம் கேப்பாங்க.

காட்டுக்குள்ள சாதாரண பட்டா கிடைக்காது. 2006 வன உரிமைச் சட்டத்துலதான் உரிமை வாங்கணும், 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்தே குடியிருந்திருக்கணும். மனுவ முதல்ல கிராம சபையிலதான் கொடுக்கணும், நேரா ரேஞ்சர்ட்ட போயி நிக்க வேண்டாம். கல்யாணம் ஆனவங்கன்னா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் சேத்துத்தான் உரிமை எழுதணும்னு சட்டத்துலயே இருக்கு, உங்க பேர விட்டுட்டு எழுதுனா கையெழுத்துப் போடாதீங்க. அந்த இடத்த விக்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும்.

கேள்வி: மூங்கில் குடிசையே காணிக்காரங்களுக்குக் குளிர்ச்சியா அழகா இருக்கே, காங்கிரீட் வீடு கொடுத்து ஏன் கெடுக்கணும்?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, ஐப்பசி மழையில ஒரு ராத்திரி அந்தக் குடிசையில படுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க. நான் ஒருதடவ மாட்டிக்கிட்டேன், ஒரு ஆச்சி வீடு. தார்ப்பாய்க்கு மேல மழை கொட்டுது, ஆச்சி தூங்கவே இல்ல, ஒழுகுற எடமாப் பாத்துப் பாத்து மிளகு மூட்டைய நகத்திக்கிட்டே இருந்தா, மூட்டை நனைஞ்சா அந்த வருசத்து வருமானமே போச்சு. விடியக்காலம் யானை பிளிறுச்சு, பிள்ளைகள நடுவுல போட்டுக்கிட்டு எல்லாரும் உக்காந்திருந்தோம். காங்கிரீட்டு வேணுமான்னு காலையில கேட்டேன், "வேணும் மக்கா, ஆனா அடுப்பு எங்க வைக்கது"ன்னு கேட்டா.

அந்தக் கேள்விதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சது. கட்டிக் கொடுத்த வீடுகள்ல விறகு அடுப்புப் புகை போக வழியில்லாம, பொம்பளைக வெளிய தட்டி மறைச்சு சமைக்கிறத நானே பாத்திருக்கேன். கனவு இல்லத்துல 360 சதுர அடியில 300 அடிக்குத்தான் காங்கிரீட் கட்டாயம், மிச்சம் 60 அடிக்குத் தீப்பிடிக்காத வேற கூரை போட்டுக்கலாம்னு விதியிலயே எடம் விட்டிருக்காங்க. அந்த 60 அடிய ஓடு போட்டு அடுப்படியாக் கட்டுனா புகை ஓட்டு இடுக்கு வழியாப் போயிரும், மிளகுக்கும் பிள்ளைகளுக்கும் காங்கிரீட் கூரைக்குக் கீழ எடம் இருக்கும். விக்கிரமசிங்கபுரத்துக் கொத்தனார் தம்பி, இத நீங்களும் வாசிச்சா, வானம் தோண்டுறதுக்கு முன்னாடி அந்த வீட்டுப் பொம்பளைட்ட அடுப்பு எந்தப் பக்கம்னு கேட்டுக்கிடுங்க.