எஸ்வி-யின் எச்-இண்டெக்ஸ் 41, இன்னொருவருடையது 9: முனைவர் படிப்புக்கு மகளை அனுப்பும் ஒரு தாய்க்கு

வணக்கம் அம்மா.

மகளுக்கு இரண்டு இடத்திலும் அழைப்பு வந்திருப்பது நல்ல செய்தி. கோலாலம்பூர் பேராசிரியருக்கு எச்-இண்டெக்ஸ் (அவர் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை வைத்துப் போடும் எண்) 41, பினாங்கு விரிவுரையாளருக்கு 9, பெரிய எண் உள்ளவரைத்தானே எஸ்வி-யாக, அதாவது ஆய்வு மேற்பார்வையாளராக, எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்லும் முன் நான் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: 41-ஐ எந்தத் தளத்தில் பார்த்தீர்கள், 9-ஐ எந்தத் தளத்தில் பார்த்தீர்கள்?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கூகல் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடல் தளம் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணும்: ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, அச்சுக்குப் போகாத முன்வரைவு, நூல் எல்லாம் கணக்கில் வரும். ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளங்கள் இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களுக்குள் மட்டும் எண்ணுகின்றன. அதனால் ஒரே ஆளுக்கு மூன்று தளத்தில் மூன்று எண் வரும், பெரும்பாலும் ஸ்காலர் எண்தான் பெரியது. ஒருவரை ஸ்காலரிலும் இன்னொருவரை ஸ்கோப்பஸிலும் பார்த்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு செல்லாது. ஸ்கோப்பஸின் ஆசிரியர் தேடல் பக்கத்தைக் கட்டணமில்லாமலே திறக்கலாம். இருவரையும் அங்கேயே பாருங்கள்.

அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒருவர் ஐந்து கட்டுரை எழுதியிருக்கிறார், அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டியது முறையே 30, 12, 6, 4, 1 தடவை என்று வையுங்கள். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி எண்ணிக்கொண்டு வந்தால் நான்காவது கட்டுரைக்கு 4 மேற்கோள் இருக்கிறது, ஐந்தாவதற்கு 5 இல்லை. ஆகவே எச்-இண்டெக்ஸ் 4. முதல் கட்டுரையின் 30 நாளைக்கு 300 ஆனாலும் அது 4-ஐ விட்டு நகராது. கூகல் ஸ்காலர் காட்டும் ஐ10 என்பது இதைவிட எளிது, பத்தும் அதற்கு மேலும் மேற்கோள் பெற்ற கட்டுரை எத்தனை என்று மட்டும் சொல்லும். இவருக்கு அது 2.

எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். இந்த எண் வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது என்பது அவருக்கே தெரியும். அதனால் முதல் கட்டுரை வெளியாகி எத்தனை ஆண்டு ஆயிற்றோ, அந்த எண்ணால் வகுத்துப் பார்க்கச் சொன்னார். இயற்பியலில் ஆண்டுக்கு 1 வீதம் ஏறினால் நல்ல ஆய்வாளர் என்பது அவர் கணிப்பு. கோலாலம்பூர் பேராசிரியர் எழுதத் தொடங்கி 27 ஆண்டு, பினாங்குக்காரர் 6 ஆண்டு என்று வையுங்கள். 41-ஐ 27-ஆல் வகுத்தால் 1.52, 9-ஐ 6-ஆல் வகுத்தால் 1.5. இருவரும் ஒரே வேகத்தில்தான் போகிறார்கள்.

துறையும் பார்க்க வேண்டும். மருத்துவத்தில் மேற்கோள் குவியும், கணிதத்தில் மெதுவாகத்தான் வரும். தமிழாய்வைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அங்கே நல்ல வேலை பாதி நூலாக வருகிறது, அதில் பெரும்பகுதி ஸ்கோப்பஸ் கண்ணில் படுவதே இல்லை. துறை, ஆண்டு, கட்டுரை வகை மூன்றையும் சரிக்கட்டி ஸ்கோப்பஸ் தரும் ஓர் அளவில் உலகச் சராசரி 1. ஒருவருக்கு 1.5 என்றால் தன் துறைச் சராசரியைவிட 50 விழுக்காடு அதிக மேற்கோள் என்று பொருள். ஆனால் கட்டுரை பத்துக்கும் குறைவாக இருந்தால் ஒரே ஒரு கட்டுரை ஓடியதிலேயே அந்த எண் எகிறிவிடும். புதியவரை அதை வைத்து எடைபோட வேண்டாம்.

இதைவிட முக்கியம், அந்த மேற்கோள்களில் அவர் பங்கு எவ்வளவு என்பது. நான்கு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையை எச்-இண்டெக்ஸ் நால்வருக்கும் முழுசாக ஒன்று என்றே எழுதிக்கொள்ளும். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 0.25. பெயர் வரிசைப்படி பிரிக்கும் முறையும் ஒன்று உண்டு: முதல் பெயருக்கு 1, அடுத்ததற்கு அரை, பிறகு மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று வைத்துக் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். அப்படிச் செய்தால் 0.48, 0.24, 0.16, 0.12 என்று வரும். இதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கணிதத்தில் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம். உங்கள் மகளின் பொருளறிவியல் துறையில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது, அவருக்குப் போய் 0.12 கொடுப்பது நியாயமில்லை. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் நிறுவனமும்தான். அங்கே 'யாருடைய கட்டுரை' என்று கேட்டால் எந்தச் சூத்திரமும் பதில் சொல்லாது.

ஆகவே எஸ்வி-யைத் தேர்ந்தெடுக்க நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் திறந்து, முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். அந்தப் பெயர்களைப் பல்கலைக்கழக ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் தேடுங்கள். கோலாலம்பூரின் மலாயா பல்கலைக்கழகம், பினாங்கின் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இரண்டும் தங்கள் மாணவர்களின் ஆய்வேடுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. முதல் பெயர்களில் பாதி அவருடைய மாணவர்கள் என்றால் அந்த ஆய்வகத்தில் மாணவருக்கு எழுத இடம் கிடைக்கிறது. ஆண்டுக்கு 30 கட்டுரை வருகிறது, மாணவர் பெயர் எல்லாம் நடுவில்தான் இருக்கிறது என்றால் யோசியுங்கள். ஆய்வேடு சமர்ப்பித்த ஆண்டையும் பாருங்கள், மூன்று ஆண்டுப் படிப்பு அங்கே ஆறு ஆண்டாக இழுக்கிறதா என்பது தெரிந்துவிடும். மேற்கோள்களில் தன் கட்டுரையைத் தானே காட்டியது எவ்வளவு என்று ஸ்கோப்பஸிலேயே கழித்துப் பார்க்கலாம். கொஞ்சம் இருப்பது இயல்பு, கழித்ததும் எண் பாதியாகிவிட்டால் காரணம் தேடுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற இலவசத் தரவுத்தளம் இருக்கிறது, அதில் அவர் பெயரை ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

இனி மகளின் பெயருக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் அடி விழுகிறது, அது பெற்றோருக்கும் தெரிவதில்லை, பல எஸ்வி-க்களுக்கும் தெரிவதில்லை.

ஐசி-யில், அதாவது அடையாள அட்டையில், 'கவிதா ஏ/பி சுப்ரமணியம்' (சுப்ரமணியத்தின் மகள் கவிதா) என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆய்விதழின் படிவம் இயற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கொடுக்கும். நமக்கோ குடும்பப்பெயர் கிடையாது. முதல் கட்டுரையில் மாணவியே நிரப்பி 'சுப்ரமணியம், கே.' ஆகிறார். இரண்டாவதை எஸ்வி நிரப்புகிறார், 'கவிதா, எஸ்.' ஆகிறது. மூன்றாவதில் ஏ/பி என்பதே குடும்பப்பெயருக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. கணினி மூன்று பேர் என்று எடுத்துக்கொண்டு மூன்று பக்கம் திறந்துவிடும். ஆறு கட்டுரை, மேற்கோள் 9, 7, 5, 4, 3, 2 என்றால் எச்-இண்டெக்ஸ் 4 வர வேண்டும். அதே ஆறு கட்டுரை 9-உம் 3-உம் ஒரு பக்கம், 7-உம் 4-உம் ஒரு பக்கம், 5-உம் 2-உம் ஒரு பக்கம் என்று பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 2 என்றுதான் காட்டும். வேலைக்குத் தேர்வு செய்யும் குழு பார்ப்பது முதலில் அகப்படும் பக்கத்தைத்தான்.

முதல் கட்டுரை அனுப்பும் முன்பே பெயர் வடிவத்தை முடிவு செய்யட்டும். ஏ/பி-யை விட்டுவிட்டு இரண்டு பெயரையும் முழுசாக எழுதுவது என் பரிந்துரை. அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டால் உலகம் அவரை அப்பா பெயரில்தான் மேற்கோள் காட்டும், அது பிடிக்காதவர்கள் தன் பெயரை அங்கே போடலாம். எதுவானாலும் ஒன்றே ஒன்று, சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) உள்ள எழுத்துக்கூட்டலோடு, ஆய்வேட்டிலும் அதுவே. திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

அன்றைக்கே ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணும் எடுத்துவிடட்டும். இலவசம், 16 இலக்கம், சில நிமிட வேலை. பதியும்போது பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலும் கொடுக்க வேண்டும், படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்பட்டால் கணக்குக்குள் நுழைய முடியாமல் போகும். பெயரின் வேறு வடிவங்களையும் அங்கேயே சேர்க்கலாம். கட்டுரை அனுப்பும்போதெல்லாம் அந்த எண்ணைத் தர வேண்டும். ஏற்கெனவே பக்கம் பிரிந்திருந்தால் ஸ்கோப்பஸுக்கு விண்ணப்பித்து இணைக்கலாம், காசு இல்லை. பல்கலைக்கழகம் மாறும்போதும் பக்கம் பிரிவதுண்டு, ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். கூகல் ஸ்காலரில் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் வேறு ஒரு சுப்ரமணியத்தின் கட்டுரை இவர் கணக்கில் வந்து உட்காரும்.

ஆசிரியர் வரிசையை வரைவு எழுதும் முன்பே பேசி, மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: 'இன்று பேசியபடி இந்தக் கட்டுரையில் நான் முதல் ஆசிரியர், டாக்டர் தொடர்பாசிரியர் (ஆய்விதழோடு தொடர்பு வைத்துக்கொள்பவர்)' என்று இரண்டு வரி போதும். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதி நான்கையும் கேட்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியது அல்லது திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பு. கருவியை இரவல் கொடுத்தவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு, ஆசிரியர் வரிசையில் இல்லை. பல ஆய்விதழ்கள் இப்போது யார் என்ன செய்தார் என்பதை 14 வகைப் பங்களிப்பாகப் பிரித்துக் கேட்கின்றன. ஜிஆர்ஏ (பட்டதாரி ஆய்வு உதவியாளர்) சம்பளம் வாங்குகிறார் என்பதற்காக மாணவியின் பெயர் கீழே போக வேண்டியதில்லை. காசுக்கு ஆசிரியர் இடம் விற்கும் குழுக்கள் டெலிகிராமில் இருக்கின்றன, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கட்டுரை வெளியிடச் சொல்லி எஸ்வி ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறார் என்று பிறகு மகள் குழம்பக்கூடும். மலாயா, யூஎஸ்எம், யூகேஎம், யூபிஎம், யூடிஎம் ஐந்தும் மலேசியாவின் ஆய்வுப் பல்கலைக்கழகங்கள், அவற்றின் மதிப்பீட்டில் கட்டுரையும் மேற்கோளும் எண்ணப்படுகின்றன. கியூஎஸ் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையிலும் விரிவுரையாளருக்கு எத்தனை மேற்கோள் என்பதற்கு 20 விழுக்காடு எடை. அந்த அழுத்தம் கீழே இறங்கி மாணவரிடம்தான் வந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் 'மூன்று நாளில் ஏற்பு' என்று வரும் ஆய்விதழில் பலர் பணம் கட்டிவிடுகிறார்கள். ஸ்கோப்பஸ் சின்னம் தளத்தில் இருப்பது சான்றாகாது. ஸ்கோப்பஸின் சொந்தப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணைப் போட்டு, சேர்க்கை இன்னும் தொடர்கிறதா, நிறுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நல்ல ஆய்விதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. ஒரு துறையின் இதழ்களை நான்கு கூறாகப் பிரித்து மேலிருந்து கீழாகத் தரும் கியூ1, கியூ2 என்ற தரமும் துறைக்குத் துறை மாறும், ஒரே இதழ் ஒன்றில் கியூ1, இன்னொன்றில் கியூ3 ஆக இருக்கலாம். பட்டத்துக்குக் கட்டுரை கேட்டால் எந்தப் பட்டியலின் தரம், எந்த ஆண்டுத் தரம் என்று மகள் சேரும் பருவத்துக்கான விதியை ஃபேக்கல்டியில் எழுத்தில் வாங்கட்டும்.

கடைசியாக, மகள் என்ன வேலைக்குப் போக நினைக்கிறார் என்று கேட்டீர்களா? விரிவுரையாளர் வேலை என்றால் மேலே சொன்னது அத்தனையும் வேண்டும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஆய்வுப் பொறியாளர் ஆக வேண்டும் என்றால் எச்-இண்டெக்ஸை யாரும் பெரிதாகக் கேட்கப் போவதில்லை. மின்னணு நுண்நோக்கியைத் தானே இயக்கத் தெரியுமா, பழுதான மாதிரியில் காரணம் கண்டுபிடிக்கத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். அந்த வழி என்றால் ஆய்வகத்தில் எந்தக் கருவியை மாணவர்கள் தாங்களே தொடலாம், எதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டும் என்று இரண்டு எஸ்வி-யிடமும் கேட்டுவிட்டு, அவர்களுடைய இப்போதைய மாணவர் ஒருவரிடமும் அதே கேள்வியைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.