விசுவாசத்தோடு ஜெபித்தும் நடக்கவில்லை என்றால் குறை நம் விசுவாசத்திலா?

"பைபிளில் விசுவாசம் என்றால் என்ன? விசுவாசத்தோடு ஜெபித்தும் நடக்கவில்லை என்றால் நமக்கு விசுவாசம் குறைவு என்று அர்த்தமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வி மட்டும் இருந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்று எபிரெயர் 11:1ஐ எடுத்துப் போட்டு யாராவது சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. உங்கள் வீட்டில் யாரோ நோயாகப் படுத்திருக்கிறார்கள், யாரோ வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் நல்லது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், இல்லை. அப்படி அர்த்தமே கிடையாது.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் இல்லை. எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் அம்மா ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. வேதம் எனக்கு அம்மா வாயிலிருந்து வந்ததுதான். அந்த அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. கீமோ ஆரம்பித்ததும் முடி கொட்டியது. தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, கட்டில் பக்கத்து ஸ்டூலில் ஒரு ஓரம் மாத்திரை டப்பா, மறு ஓரம் வேதப்புத்தகம் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் வெளியூர் ஜெபக்குழு ஒன்று வந்தது. பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்தது. அதில் தலைவர் போலிருந்தவர் ஸ்டூலைப் பார்த்தார். "அம்மா, நீங்க மாத்திரையை நம்புறீங்களா, ஆண்டவரை நம்புறீங்களா? முழு விசுவாசம் இருந்தா இந்நேரம் எந்திரிச்சு நடமாடியிருப்பீங்களே" என்றார். டீ டம்ளர்களோடு வாசற்படியில் நின்ற எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மா குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கிற அதே தொனியில் கேட்டார்கள்: "தம்பி, துரோப்பீமுவைப் பவுல் மிலேத்துவுல வியாதியோட விட்டுட்டு வந்தாரே, அவனுக்கும் விசுவாசம் இல்லையா? இல்ல, பவுலுக்குத்தான் இல்லையா?"

அவர் பதில் சொல்லவில்லை. பையைத் திறந்து வேதத்தை எடுத்தார், கொஞ்சம் புரட்டினார், மூடி வைத்தார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அது எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2 தீமோத்தேயு 4:20. துரோப்பீமு எபேசு ஊர்க்காரன். அந்த எபேசுவில்தான் பவுலின் உடம்பில் பட்ட உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய்ப் போட்டபோதே வியாதிகள் நீங்கியதாக அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அப்படிப்பட்டவர், கூடவே ஊர் ஊராக வந்த தன் ஆளை வியாதிப்பட்டவனாக விட்டுவிட்டு வந்தேன் என்று ஒற்றை வரியில் எழுதுகிறார். யாருடைய விசுவாசத்தையும் அங்கே குறை சொல்லவில்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சுகமில்லாமல் போனபோது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்றுதான் எழுதினார். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்ட பவுலுக்கே "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். எபிரெயர் 11ஐ முதல் வசனத்தோடு மூடிவிடாமல் கடைசிவரை படியுங்கள். ஆபிரகாம் எங்கே போகிறோம் என்று தெரியாமலே புறப்பட்டுப் போனான். கையில் உறுதிச்சீட்டு எதுவும் கிடையாது, கூப்பிட்டவர் யார் என்பது மட்டும் தெரியும். அப்புறம் செங்கடல், எரிகோ மதில், சிங்கங்களின் வாய் அடைபட்டது, செத்தவர்களைப் பெண்கள் உயிரோடு திரும்பப் பெற்றது என்று வரிசையாக வருகிறது. அது 35ஆம் வசனம். அதே வசனத்தின் நடுவில் "வேறுசிலர்" என்று திரும்புகிறது. அந்த வேறுசிலர் அடிபட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுக்கப்பட்டார்கள். 39ஆம் வசனம் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து, இவர்கள் எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்கிறது. கேட்டது கிடைத்தவர்களுக்கு ஒரு விசுவாசம், கிடைக்காதவர்களுக்கு ஒரு விசுவாசம் என்று அந்த அதிகாரம் பிரிக்கவில்லை. கூப்பிட்டவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததைத்தான் அது விசுவாசம் என்கிறது.

அப்போஸ்தலர் 12ஐயும் பாருங்கள். அதிகாரத்தின் ஆரம்பத்திலேயே ஏரோது ராஜா, யோவானின் சகோதரனான யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். அடுத்துப் பேதுருவைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். பேதுருவைத் தேவதூதன் வெளியே கொண்டுவருகிறான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவா? இருவருமே, இயேசுவின் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்த மறுரூப மலையில் அவர் கூட இருந்தவர்கள். இன்னொன்று, பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களிடம் ரோதை என்கிற பெண் ஓடிவந்து, பேதுரு வாசலில் நிற்கிறார் என்றபோது அவர்கள் சொன்னது "நீ பிதற்றுகிறாய்". ஜெபித்தவர்களே நம்பவில்லை, ஆனாலும் பேதுரு வெளியே வந்துவிட்டார். விசுவாசத்தை எடைபோட்டு அதற்குத் தக்கபடி பலன் கொடுக்கிற கணக்கு இங்கே எங்கே இருக்கிறது?

அற்புத சுகம் நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடந்த வீடுகள் எனக்குத் தெரியும், அவர்கள் சாட்சியை நான் சந்தேகப்படவும் இல்லை. நோயாளி மேல் பழி போடுவதைத்தான் எதிர்க்கிறேன். இயேசு சீஷர்களை "அற்பவிசுவாசிகளே" என்று கடிந்துகொண்டார். பேய் பிடித்த பையனைக் குணமாக்க முடியாமல் போனதற்கு அவர்களுடைய அவிசுவாசம்தான் காரணம் என்றார். "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய அந்தப் பையனின் தகப்பனை அவர் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். தேடி வந்த நோயாளி ஒருவரையாவது உனக்கு விசுவாசம் போதாது, போய் வா என்று அவர் அனுப்பியதாக நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. அவர் வளர்ந்த நாசரேத்தூரில் அவிசுவாசத்தினால் அதிக அற்புதங்கள் நடக்கவில்லையே என்பீர்கள். அங்கே அவரை ஏற்றுக்கொள்ளாதது ஊர். அந்த ஊரிலும் சில நோயாளிகள் மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்று மாற்கு எழுதியிருக்கிறார்.

மருந்தும் விசுவாசமும் எதிரெதிர் என்று தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஒரு கிறிஸ்தவர் எப்படிச் சொல்ல முடிகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படிக்கப் போனார். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு அவர் ஆரம்பித்ததுதான் இன்றைய சிஎம்சி, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு நிருபம் சொல்வதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டுமா?

அம்மா பிழைக்கவில்லை. வலி கூடின ராத்திரிகளில் "என்ன ஆண்டவரே இது" என்று சத்தமாகவே கேட்பார்கள். கோபப்பட்டதும் அவரிடம்தான், அழுததும் அவரிடம்தான். எதுவரைக்கும் கர்த்தாவே என்று கேட்கிற சங்கீதங்களை அடையாள நூல் வைத்துப் படித்தவர்கள், அதனால் கேட்கத் தயங்கவில்லை. கடைசி நாட்களில் "எனக்கு ஜெபம் வரல, நீ சொல்லு" என்பார்கள். நான் தானியேல் 3ஐ வாசிப்பேன். எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்று, அக்கினிச்சூளையில் போடுவேன் என்று மிரட்டிய ராஜாவிடம் சொன்ன மூன்று பேர், அதோடு நிறுத்தவில்லை. "விடுவிக்காமற்போனாலும்" என்று தொடர்ந்தார்கள். அந்த வார்த்தை வரும்போது அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்கள். என் தாயின் விசுவாசம் குறைவானது என்று இனி யார் சொன்னாலும் நான் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கப் போனபோது சபை அலுவலகத்தில் நோட்டைத் திறந்து, சந்தா பாக்கி இருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களின் பாக்கி. அண்ணன் கட்டிவிட்டுத்தான் வந்தான். சபைத் தேர்தல் வந்தால் ஓட்டுக் கேட்டு வீடேறி வரத் தெரிந்தவர்களுக்கு, வாழ்நாள் முழுவதும் அந்தச் சபைப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர் உடல் வீட்டில் கிடக்கும்போது நோட்டை மூடி வைக்கத் தெரியவில்லை. சபைப் போதகரான ஐயரை நான் குறை சொல்லவில்லை, அவர் நல்ல மனிதர், கடைசிவரை கூடவே இருந்தார். அலுவலகம் வேறு.

கீழே மாற்கு 11:24ஐ எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள் என்று அங்கே இருப்பது எனக்கும் தெரியும். அதே மாற்குவில் மூன்று அதிகாரம் தள்ளி, அதைச் சொன்ன இயேசுவே, சிலுவைக்கு முந்தின இரவில், பாடுகளாகிய இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கெத்செமனேயில் கேட்கிறார். ஆகிலும் உம்முடைய சித்தத்தின்படி ஆகட்டும் என்கிறார். பாத்திரம் நீங்கவில்லை. விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்கிற யாக்கோபு 5:15ஐ எழுதுகிறவர்கள் அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து எழுதுங்கள். மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று வந்தவர்கள் மேல்தான் அங்கே பொறுப்பு வைத்திருக்கிறது.

கேட்டவருக்கு: வீட்டில் நோயாளி இருந்தால் மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். ஜெபிக்க வருகிறவர்களிடம், உள்ளே நுழையும் முன்பே, நோயாளியிடம் விசுவாசக் குறைவு பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.