அவர் கழுவிய வாளியை ஏன் மறுபடி கழுவினீர்கள்?

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வீட்டை ஒட்டியே லாயம். இரண்டு குதிரைகள்: ஒன்று வயதான பெண்குதிரை, பரம சாது, இன்னொன்று மூன்று வயது இளங்குதிரை, கொஞ்சம் துடியானது. சவாரியை நிறுத்திவிட்டேன். ஆனால் தீனி, தண்ணீர், லாயம் கூட்டுவது எல்லாம் நான்தான். மகளும் கூடவே வந்து சமர்த்தாக நிற்பாள். குதிரை விஷயத்தில் கணவர் கைகொடுப்பதே இல்லை. ஒருமுறை அவரிடம் விட்டேன்; வாளியைக்கூடச் சரியாகக் கழுவவில்லை, அடியில் பாசி அப்படியே இருந்தது, நானே மறுபடி கழுவி வைத்தேன். குதிரைகளை விற்றுவிடு என்கிறார் மாமியார். எனக்கு மனம் வரவில்லை. எந்த மாதம் வரை இந்த வேலைகளைச் செய்யலாம்? குழந்தை பிறந்த பிறகு சமாளிக்க முடியுமா?

பதில்: எந்த மாதம் வரை என்று கேட்கிறீர்கள். வீட்டில் பெரிய பிராணி வைத்திருக்கும் பெண்கள் பலரும் இப்படி ஒரு மாதக் கணக்கு கேட்டு எழுதியிருக்கிறார்கள். கணக்கு அப்புறம். முதலில் அந்த வாளிக்கு வருகிறேன்.

போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கோ அதைத் தாண்டிப் படிக்கவே முடியவில்லை. அவர் கழுவினார், பாசி இருந்தது. கூப்பிட்டுக் காட்டினீர்களா? இந்த இடத்தில் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும் என்று சொன்னீர்களா? பேசாமல் எடுத்து நீங்களே கழுவினீர்கள். அவர் பார்த்திருப்பார். பார்க்காவிட்டாலும் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் முகம் சொல்லியிருக்கும். அதற்குப் பிறகு மனிதர் லாயப் பக்கம் எட்டிப் பார்க்காததில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. ‘கைகொடுப்பதே இல்லை’ என்ற புகாரையும் ‘நானே மறுபடி கழுவினேன்’ என்ற பெருமையையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

அவரை நல்லவராக்க இதைச் சொல்லவில்லை. ஒரு வாளிக்காக ரோஷப்பட்டு ஒதுங்கிக்கொண்டு, ஐந்து மாத வயிற்றோடு மனைவி தண்ணீர் சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கும் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுங்கள். ஐயா, குதிரை உங்கள் மனைவியின் ஆசையாக இருக்கலாம். வயிற்றில் இருக்கும் பிள்ளை இருவருக்கும் சொந்தம். இன்றிலிருந்து லாயத்தில் கனமான வேலை முழுக்க உங்களுடையது. பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

கனம் என்றால் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். இரண்டு குதிரைக்கு, 15 லிட்டர் வாளியில் அள்ளினால் நாலைந்து நடைக்குக் குறையாது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினம் சுமார் 10 கிலோ உலர்ந்த புல் வேண்டும். அது போடும் லத்தி மட்டும் 20 கிலோ அளவுக்கு வரும். ஈரமான படுக்கை வைக்கோலை அள்ளுவது தனி. இத்தனையையும் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தியே குனிந்து நிமிர்ந்து செய்துகொண்டிருக்கிறார். சவாரியை நிறுத்திவிட்டேன் என்று ஏதோ பெரிய தியாகம் போல எழுதியிருக்கிறீர்கள். சவாரி செய்கிறவரை விட லாயத்துக்குள் தரையில் நிற்கிறவர் பத்திரமாக இருக்கிறார் என்று உங்களுக்கு யார் சொன்னது?

முதல் மூன்று மாதம் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பதுங்கி இருக்கும். அதற்கப்புறம் மேலே எழும்பி வந்துவிடும், எலும்பின் காப்பு இருக்காது. இளங்குதிரை எதற்கோ மிரண்டு உங்களைச் சுவரோடு சேர்த்து நெருக்கினால் போதும், உதைக்கக்கூட வேண்டாம். வயிற்றில் பலமாக அடிபட்டால் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிடலாம். அது சில சமயம் உடனே தெரியவும் தெரியாது. அதனால் விழுந்தாலோ இடிபட்டாலோ ‘ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று உட்கார்ந்துவிடக் கூடாது, நேரே மருத்துவமனை. குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். கொம்பில்லாத குதிரையிடமே இந்தப் பாடு.

ஆகவே உங்கள் மாதக் கணக்குக்குப் பதில் இதுதான். இளங்குதிரையின் கொட்டடிக்குள் நுழைவது இன்றோடு நின்றது. கயிறு பிடித்து நடத்துவது, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வது, லாடக்காரர் வரும்போது தலையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம். சாதுவான பெண்குதிரையைத் தேய்த்துவிட ஆசையாக இருந்தால், உங்கள் மருத்துவர் சரி என்றால், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது, அதன் தோள் பக்கமாக நின்று தேய்த்துவிடுங்கள். அந்தக் குதிரைக்குப் பருவத்தைக் கட்டுப்படுத்த ஹார்மோன் மருந்து கொடுக்கிற வழக்கம் இருந்தால் புட்டியைக்கூடத் தொடாதீர்கள். ஆல்ட்ரினோஜெஸ்ட் என்று எழுதியிருக்கும் திரவம் தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும், கர்ப்பிணி கையாளக் கூடாத மருந்து அது. புரோஸ்டாகிளாண்டின் ஊசி மருந்து அதைவிட மோசம், கருவைக் கலைத்துவிடக்கூடியது. தெரிந்தவர் குதிரை குட்டி போடுகிறது என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். குட்டியோடு விழும் நஞ்சிலிருந்தும் நீரிலிருந்தும் தொற்று வரும். லத்தியில் சால்மோனெல்லா இருக்கலாம், குதிரைத் தோலில் படர்தாமரை இருக்கலாம். லாயத்திலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் மகளுக்கு ஊட்டாதீர்கள்.

சரி, வாளிக்கு வருவோம். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் அழுக்காக இருந்தால் குதிரை குறைவாகக் குடிக்கும். குறைவாகக் குடித்தால் தின்ற புல் குடலில் இறுகி வயிற்று வலி வரும். அந்த வலியில் உயிரே போகலாம். ஆனால் ஒரு நாள் பாசியில் அது நடக்காது. அவருக்கு இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அடுத்த நாள் தேய்த்திருப்பார். நீங்கள் காரணத்தை உங்களிடமே வைத்துக்கொண்டு குற்றத்தை மட்டும் அவரிடம் கொடுத்தீர்கள். குதிரைக்குப் பக்கத்தில் நம்மைத் தவிர வேறு யாரும் தேவைப்படக் கூடாது என்று ஓர் ஆசை சில பெண்களுக்கு உண்டு. சமையலறையிலும் இதே ஆசையைப் பார்த்திருக்கிறேன். அன்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் மரியாதை கிடையாது. ஒரே ஒரு ஆள் படுத்தால் வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கும் என்கிற நிலையில் ஒரு குடும்பம் குதிரை வைத்திருக்கக் கூடாது. அதுவும் அந்த ஆள் நாலே மாதத்தில் பிரசவத்துக்குப் படுக்கப்போகிறவர்!

எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முதலில் நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள். வைக்கோலை அவர் உங்களைப் போலச் சமமாகப் பரப்ப மாட்டார், போகட்டும். கயிறுகளை இடம் மாற்றி மாட்டுவார், போகட்டும். மணிக்கணக்காகக் குதிரையின் வயிறு காலியாகக் கிடக்கக் கூடாது, அமிலம் அரித்துப் புண்ணாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தீனியைத் திடீரென்று மாற்றக் கூடாது என்பதும். குதிரை முன்காலால் தரையைப் பறித்தால், திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தால், படுத்துப் புரண்டால், லத்தி போடவில்லை என்றால் உங்களுக்காகக் காத்திராமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குதிரைக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது என்பதைக் கொட்டடி வாசலில் நிறுத்தி வைத்துக் காட்டுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதைத் தினமும் சொல்லுங்கள். நீங்கள் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்ல வேண்டும். எழுந்து போய்ச் செய்துகாட்டக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொள்வது கஷ்டம்தான்.

மகள் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. நாலு வயதுக் குழந்தை சமர்த்தாக நிற்பது பட்டாம்பூச்சி வருகிற வரைக்கும்தான். குதிரையின் காலுக்குப் பக்கத்தில் அவள் குனிந்தால் குதிரைக்கு அவள் அங்கே இருப்பதே தெரியாது. உங்கள் இரண்டு கையும் வாளியில் இருக்கும்போது அவள் லாயத்துக்குள் இருக்கக் கூடாது. குதிரையை நேசிக்க வளர்க்கிறேன் என்று சொல்வீர்கள். தாராளமாக வளருங்கள். ஒரு பெரியவருக்கு அவளைப் பிடித்துக்கொள்வது மட்டுமே வேலையாக இருக்கும் நேரத்தில் வரட்டும். தட்டையாக விரித்த உள்ளங்கையில் தீனி வைத்துக் கொடுக்கப் பழகட்டும்.

பிறந்த குழந்தையைத் துணியில் மார்போடு கட்டிக்கொண்டு குதிரைக்குத் தீனி போடலாம் என்று இப்போதே ஒரு படம் உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டாம். பயந்த குதிரை தலையை ஒரு உதறு உதறினால் அது படுகிற உயரத்தில்தான் குழந்தையின் தலை இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு பாரம் தூக்குவதும் மறுபடி சவாரி ஏறுவதும் உங்கள் மருத்துவர் சொல்கிற நாளில்தான்; அறுவை சிகிச்சை என்றால் அந்த நாள் இன்னும் தள்ளிப் போகும்.

விற்பதைப் பற்றி. மாமியார் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். வயதான பெண்குதிரையை விற்காதீர்கள். இவ்வளவு காலம் சுமந்த பிராணியை வசதிப்படவில்லை என்று இந்த வயதில் கைமாற்றுவது எனக்குச் சம்மதமில்லை. இளங்குதிரைக்குத் தினம் பழக்க ஆள் வேண்டும். அடுத்த ஒன்றரை வருடம் உங்களால் ஆகாது, உங்கள் கணவரால் நிச்சயம் ஆகாது. பழக்கமில்லாமல் நின்று கெட்டுப்போன துடியான குதிரையைக் கைக்குழந்தையும் ஐந்து வயதுப் பெண்ணும் இருக்கும் வீட்டில் கட்டி வைப்பது பாவம், அந்தக் குதிரைக்கும் சேர்த்துத்தான். ஏழாம் மாதத்துக்குள் பழக்கத் தெரிந்த ஒருவரிடம் அதை ஒப்படையுங்கள். விலைக்கோ, இரண்டு வருடப் பராமரிப்புக்கோ, அது உங்கள் இருவரின் முடிவு. மாமியாரிடம் இதை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், அவர் மகன் சொல்லட்டும்.