ஊழியர்களைத் தரவரிசைப்படுத்தும் 'பெல் கர்வ்' முறை திறமையை வளர்க்கிறதா?

சென்னையில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மென்பொருள் குழுக்களை நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தனை சதவீதம் பேர் மேல்வரிசை, இத்தனை சதவீதம் பேர் கடைசி வரிசை என்று முன்கூட்டியே வகுத்து ஊழியர்களை அதற்குள் அடைக்கும் இந்த முறை திறமையை வளர்ப்பதில்லை. திறமைசாலிகள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து வேலை செய்யவே அஞ்சும்படி அது செய்துவிடுகிறது.

இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தவர், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச். மேல்வரிசையில் உள்ள 20 சதவீதத்தினருக்கு வெகுமதி, நடுவில் உள்ள 70 சதவீதத்தினருக்குப் பயிற்சி, கடைசி 10 சதவீதத்தினருக்கு வெளியேற்றம் என்பது அவருடைய கணக்கு. ஒருவருடைய குறையைச் சொல்லாமலே நடுவயது வரை வைத்திருந்துவிட்டு அதன்பின் அனுப்புவதுதான் உண்மையான கொடுமை என்று அவர் வாதிட்டார். அதில் நியாயம் இருக்கிறது. குறையை உரிய காலத்தில் சொல்லத் துணியாத மேலாளர்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். என் தகராறெல்லாம் அந்தச் சதவீதத்தோடுதான்.

பல்லாயிரம் பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நடுவில் பலர், இரு ஓரங்களிலும் சிலர் என்ற அந்த மணி வடிவ வளைகோடு ஓரளவு பொருந்தலாம். ஏழு பேர் கொண்ட குழுவில் 10 சதவீதம் என்பது முக்கால் ஆள்கூட இல்லை. அந்த முக்கால் ஆளை எந்தக் குழு தருவது என்று மேலாளர்கள் மூடிய அறைக்குள் நடத்தும் பேரத்துக்கு 'நார்மலைசேஷன்' என்று கௌரவமான பெயர் உண்டு; அங்கே ஊழியரின் ரேட்டிங்கைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அவருடைய மேலாளரின் வாய்சாமர்த்தியம். மேலும், கடுமையான நேர்காணல்களில் வடிகட்டி எடுத்த ஏழு பேரில் கட்டாயம் ஒருவர் மட்டமாகத்தான் இருப்பார் என்றால், அந்த நேர்காணல்களை எதற்காக நடத்தினோம்?

நீண்டகாலம் இம்முறையைக் கடைப்பிடித்த மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது. தேர்ந்த பொறியாளர்கள் தமக்கு நிகரானவர்கள் இருக்கும் குழுக்களுக்குப் போகத் தயங்கினார்கள் என்று அங்கு வேலை செய்தவர்களே சொல்லியிருந்தார்கள். சிறந்த பத்துப் பேரில் ஒருவராக இருப்பதைவிடச் சுமாரான குழுவில் முதல்வராக இருப்பதே அங்கே பாதுகாப்பு. (இந்த மாற்றத்தையும் சத்யா நாதெல்லாவின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். அவர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்றது 2014 பிப்ரவரியில். கைவிடும் முடிவு அவருக்கு முன் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர் காலத்தது.) அதன்பின் வந்த மதிப்பீட்டில், ஒருவர் தானாகச் செய்து முடித்ததோடு, பிறருடைய வெற்றிக்கு என்ன கொடுத்தார், பிறருடைய உழைப்பை எப்படிப் பயன்படுத்திக்கொண்டார் என்பவையும் சேர்ந்தன. கேள்வியை மாற்றியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் குழுவில் ஏழு பேர். எல்லோரும் நன்றாக வேலை செய்பவர்கள். ஒருவரைக் கடைசி வரிசையில் வைத்தே ஆகவேண்டும் என்று மேலிடம் சொன்னது. மற்றவர்கள் எழுதிய நிரல்களைப் படித்துப் பிழை கண்டு சொல்வதிலும் புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதிலும் பாதி ஆண்டைச் செலவிட்ட ஒரு பெண்ணின் பெயரில் முடிந்த பணிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. அவரையே எழுதிக் கொடுத்தேன். ரேட்டிங்கைச் சொன்னபோது அவர் வாதாடவில்லை. "அப்படின்னா அடுத்த வருஷம் நான் யாருக்கும் உதவி பண்ண வேண்டாமா, சார்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நான்கு மாதங்களில் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் செய்துவந்த பிழைபார்க்கும் வேலையை மற்ற ஆறு பேருக்கும் பங்கிட்டுத் தர முயன்றேன். ஆண்டு மதிப்பீடான அப்ரைசல் நெருங்குகிறது என்று சொல்லி, ஒருவர்கூட அதை ஏற்றுக்கொள்ளவில்லை.