அக்காவைக் கூட்டி வர யார் சம்மதம் வேண்டும்?

கேள்வி: எங்களுக்குக் கோபி பக்கம் தோட்டம். அக்கா 14 வருடமாகச் சென்னையில் ஒரு மனநல மருத்துவமனையில் இருக்கிறாள். குணமாகிவிட்டது, கூட்டிப் போங்கள் என்கிறார் டாக்டர். அண்ணன் ஒப்பவில்லை. அம்மா முன்பே இல்லை. 2019-ல் அப்பா உயில் எழுதாமல் இறந்தபின், 'பைத்தியத்துக்குப் பங்கு ஏது' என்று அண்ணனும் நானும் மட்டும் தோட்டத்தையும் சாளையையும் (தோட்டத்து வீட்டையும்) பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுக்கொண்டோம். அண்ணன் சம்மதமில்லாமல் அக்காவைக் கூட்டி வரலாமா?

பதில்: வரலாம். ஆனால் உங்கள் அக்காவின் சம்மதம் வேண்டும். அவர் என்ன சொல்கிறார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. முதலில் நேரில் போய் அதைக் கேளுங்கள்.

குடும்பம் ஏற்கவில்லை, போக்கிடம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 19. குடும்ப வீட்டில் வாழும் உரிமைக்குச் சட்ட உதவி உட்பட அரசு துணை நிற்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மருத்துவமனை அனுப்ப மறுத்தால், இதே சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தில் அக்காவே மனுக் கொடுக்கலாம்.

அண்ணன் பயப்படுவது சொத்துக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. நோயைக் காட்டி வாரிசுரிமையை மறுக்க முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 28 அதைத் தெளிவாகச் சொல்கிறது. மகளுக்கும் மகனுக்குச் சமபங்கு. அக்காவை விட்டுவிட்டுப் போட்ட பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது. அதில் கையெழுத்துப் போட்டவர் நீங்களும்தான். பேசித் திருத்தி எழுத நீங்களே முன்வாருங்கள். அண்ணன் இறங்கி வராவிட்டால் அக்கா பாக வழக்குப் போடலாம். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் ஈரோடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். வந்த கையோடு அக்காவிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள்.

மனநோய் என்று சிகிச்சை எடுத்ததாலேயே ஒருவர் 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' ஆகிவிடமாட்டார். நீதிமன்றம்தான் அப்படி அறிவிக்க முடியும். பங்காளிகள் நாயம் பேச வந்தால் இதைச் சொல்லுங்கள்.

14 வருடத்துக்குப் பிறகு சாளைக்கு வருவது அவருக்கு லேசாக இருக்காது. சண்டை நடக்கிற வீட்டுக்கு நேராகக் கூட்டி வராமல், சில மாதம் இடைநிலை இல்லம் (மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் தங்கிப் பழகும் இடம்) ஒன்றில் தங்க விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். டிஸ்சார்ஜுக்கு முன், இனி பார்க்கப்போகும் மனநல மருத்துவரையும் சேர்த்துத் திட்டம் போடுவது சென்னை மருத்துவரின் சட்டக் கடமை. ஈரோடு அரசு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி வாங்குங்கள். அங்கே போய்ச் சேரும்வரைக்கான மாத்திரை கையில் இல்லாமல் பஸ் ஏறாதீர்கள்.