புனித ஜார்ஜ் ஐகானில் (மரப்பலகையில் வரையும் புனிதர் படம்) குதிரையின் பின்புறம் உட்கார்ந்திருக்கும் சிறுவன் யார்? வரையும்போது அவனை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஜார்ஜை இந்தப் பலகையில் வரைய அந்தச் சிறுவனும் ஒரு காரணம்.

முட்டை டெம்பராவில், அதாவது மஞ்சள் கருவில் குழைத்த வண்ணத்தில், வரையப் போவதாகவும், இடம் போதாமல் சிறுவனை எடுத்துவிட நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் வரைகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அந்தப் படத்தில் இரண்டு மீட்புக் கதைகள் கலந்திருக்கின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. லிபியாவில் சிலேனே என்ற ஊர். அதன் ஏரியில் ஒரு பறவைநாகம். அதன் மூச்சுப் பட்டாலே ஆட்கள் சாவார்கள். ஊரார் தினம் இரண்டு ஆடு கொடுத்தார்கள். ஆடு குறைந்ததும் ஓர் ஆடும் ஒரு மனிதரும் என்று ஆனது. சீட்டு அரசன் மகளுக்கு விழுந்தது. பொன்னும் பாதி ராஜ்ஜியமும் தருகிறேன் என்றான் அரசன், ஊர் ஒப்பவில்லை. எட்டு நாள் தவணை மட்டும் கொடுத்தது. 13-ம் நூற்றாண்டு இத்தாலியத் தொகுப்பு ஒன்றில் கதை இப்படி வருகிறது. அதில் ஜார்ஜ் நாகத்தை உடனே கொல்வதில்லை. ஈட்டியால் காயப்படுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் இடைக்கச்சையைக் கழற்றி அதன் கழுத்தில் கட்டச் சொல்கிறார். அவள் அதை ஊருக்குள் நடத்திக்கொண்டு வருகிறாள். வெட்டுவது பிறகுதான். பிணத்தை ஊருக்கு வெளியே இழுக்க நான்கு ஜோடி மாடு தேவைப்பட்டதாம். உங்கள் படத்தில் பெண் கையில் கயிறு மாதிரி ஏதாவது இருந்தால் அது இந்தக் கச்சைதான். நாகத்தின் கழுத்துவரை அதைத் தொடர்ந்து வரையுங்கள்.

சிறுவன் வேறு கதையிலிருந்து வந்தவன். கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவிலுள்ள மிட்டிலீனி ஊர்ப் பையன். கிரீட் தீவு அரபு ஆட்சியில் இருந்த காலம் அது. அந்த ஆட்சி 961-ல் முடிந்தது. அங்கிருந்து வந்த கடற்கொள்ளையர் ஜார்ஜ் திருநாளன்று கோயிலில் புகுந்து அவனைப் பிடித்துப்போனார்கள். கிரீட்டில் அமீருக்கு மது ஊற்றிக் கொடுக்கும் வேலை. தாய் விடாமல் வேண்டினாள். அடுத்த திருநாளில், ஊற்றிக்கொண்டிருந்த கிண்ணம் கையில் இருக்கும்போதே ஜார்ஜ் அவனைக் குதிரையில் தூக்கி வைத்து வீட்டில் சேர்த்தார். கையில் கிண்ணமோ கூஜாவோ இருப்பது அதனால்தான். பிரிட்டிஷ் மியூசியத்தில் 13-ம் நூற்றாண்டு ஐகான் ஒன்று இருக்கிறது. அதில் பையன் மதுக் கிண்ணத்தோடு இருக்கிறான். கிண்ணம் இல்லாமல் வரைந்தால் அவன் யாரோ ஒரு பிள்ளை.

இடப் பிரச்சினைக்கு வருவோம். முதல் பென்சில் கோட்டிலேயே அவனுக்கு இடம் ஒதுக்குங்கள். ஜார்ஜில் பாதிக்கும் குறைந்த உயரம் போதும். குதிரையின் இடுப்புக்கு மேல் உட்காரட்டும். ஜார்ஜின் சிவப்பு மேலங்கி பின்னால் பறக்கும். அது பையனுக்கும் பின்னால் போக வேண்டும், முன்னால் வந்தால் முகம் மறைந்துவிடும். ஒரு கை ஜார்ஜின் முதுகில், மறு கையில் கிண்ணம். ஜார்ஜுக்குத் தாடி கிடையாது, சுருட்டை முடி, வெள்ளைக் குதிரை. குதிரையைச் சிவப்பாக்கினால் தெமெத்ரியுஸ் என்ற இன்னொரு போர்வீரப் புனிதர் என்று படித்துவிடுவார்கள்.

இனி பலகை. பெரும்பாலும் கெட்டுப்போவது இதில்தான். நன்றாக உலர்ந்த, முறுக்காத பலகை எடுங்கள். தச்சர்கள் வைத்திருக்கும் வஜ்ஜிரப் பசை, லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் அளவில், இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் பசையின் பிடிப்பு போய்விடும். ஒரு பூச்சுப் பசை, அதன்மேல் பழைய பருத்தித் துணி. பிறகு பசைநீரில் சலித்த சாக் (chalk) தூளைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள், பால் ஏடு பதம் வரும்வரை. வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழ் ஏறி, காய்ந்ததும் ஊசித்துளை தெரியும். மெல்லிய பூச்சாக எட்டுத் தடவை. மேல் பூச்சில் பசை கூடிவிட்டாலோ, மின்விசிறிக்கடியிலோ வெயிலிலோ காய வைத்தாலோ வெடிப்பு விழும். நம் ஊர் வெக்கையில் பசை ஒரே நாளில் நாறும். தேவைக்கு மட்டும் கரையுங்கள். கடைசியில் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, கோடுகளை ஊசியால் லேசாகக் கீறுங்கள். வண்ணம் மூடினாலும் கீறல் தெரியும். தங்க ரேக்கு ஒட்டுவதானால் வண்ணத்துக்கு முன்பே.

மஞ்சள் கருவை உள்ளங்கையில் உருட்டி வெள்ளை போன பிறகு, தோலைப் பிடித்துக் குத்தி உள்ளிருப்பதை மட்டும் எடுங்கள். சம அளவு தண்ணீர், இரண்டு சொட்டு வினிகர். தண்ணீரில் குழைத்த வண்ணப்பொடியோடு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கரு கூடினால் பளபளத்து ஒட்டிக்கொண்டே இருக்கும். குறைந்தால் விரலில் பொடியாக வரும். முகத்துக்கு முதலில் இருண்ட பச்சைப் பழுப்பு, அதன்மேல் படிப்படியாகக் காவி. ஜார்ஜின் முகத்தில் கோபம் வேண்டாம், ஈட்டியும் மெலிதாகவே இருக்கட்டும். வலிமை அவர் கையிலிருந்து வரவில்லை என்பதுதான் இந்த ஓவிய மரபின் நம்பிக்கை.

"நாகமெல்லாம் கட்டுக்கதை" என்று பின்னூட்டம் வரும் என்று தெரியும். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில், கி.பி. 303 வாக்கில் விசுவாசத்துக்காக உயிர்கொடுத்தவர் என்று திருச்சபை போற்றும் மறைசாட்சி அவர். நாகம் பல நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தது. நான் இரண்டையும் குழப்பவில்லை. ஆனால் அவர் திருநாளான ஏப்ரல் 23 வந்தால் போதும், "வத்திக்கான் அவரை நீக்கிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். இது பொய். 1969-ல் அவருடைய நாள் விருப்ப நினைவாக, அதாவது விரும்பினால் கொண்டாடலாம் என்று, மாற்றப்பட்டது, அவ்வளவுதான். புனிதர் பட்டியலில் அவர் இன்றும் இருக்கிறார். கேரளாவின் எடத்துவா ஜார்ஜ் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் இங்கிருந்து போகும் வயதானவர்களிடம் போய் இந்தச் செய்தியைக் காட்டிக் கலங்கடிப்பவர்களை மன்னிக்கவே முடியவில்லை.

வார்னிஷ் மட்டும் அவசரப்படாதீர்கள். சில வாரமாவது வண்ணம் இறுகட்டும்; முன்பே எண்ணெய் பூசினால் பையனின் முகம்தான் முதலில் கறுக்கும், அங்கேதான் பூச்சு மிக மெல்லிது.