முன்விளக்கை நிலையாக எரிய விடுவதா, மினுக்க விடுவதா?

கேள்வி: குளுகோரிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு மிதிவண்டியில் வேலைக்குச் செல்கிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது இருட்டாகவே இருக்கிறது. முன்விளக்கை மினுக்க விட்டால்தான் காரோட்டிகள் கவனிப்பார்கள் என்கிறார் உடன் வேலை செய்யும் நண்பர். ஆனால், எதிரே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் கண் கூசுகிறது என்று திட்டிவிட்டுப் போனார். யார் சொல்வது சரி? மினுக்க விட்டால் பேட்டரியும் நெடுநேரம் தாங்குகிறது.
- ஒரு வாசகர், பினாங்கு

பதில்: நீங்கள் செல்லும் நேரத்துக்கு விளக்கு நிலையாக எரிவதே நல்லது. பினாங்கில் சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான் என்பதால், உங்கள் பயணத்தின் பெரும்பகுதி இருளிலேயே கழிகிறது.

மினுக்கும் ஒளி கண்ணை எளிதில் ஈர்க்கும் என்பது உண்மைதான். ஆனால், சந்தியில் உங்கள் குறுக்கே வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் காரோட்டிக்கு, அங்கே ஏதோ வருகிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அது எவ்வளவு தொலைவில், என்ன வேகத்தில் வருகிறது என்பதையும் அவர் கணித்தாக வேண்டும். இருட்டில் வேறு அடையாளம் ஏதுமில்லாதபோது, அணைந்து அணைந்து எரியும் ஒரு புள்ளியை வைத்து அதைக் கணிப்பது கடினம். நிலையான ஒளியைக் கண்டு உங்களை மோட்டார் சைக்கிள் என்றே அவர் நினைத்துக்கொண்டாலும் நட்டமில்லை. வேகமாக வருகிறது என்று எண்ணிச் சற்றுப் பொறுத்தே திரும்புவார்.

உங்கள் கண்களையும் எண்ணிப் பாருங்கள். தெருவிளக்கு இல்லாத இடத்தில், விளக்கு அணையும் ஒவ்வொரு கணமும் சாலைக்குழியும் சாக்கடை மூடியின் இடுக்கும் பார்வையிலிருந்து மறைகின்றன. மழை பெய்து நீர் தேங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதில் நாடுகளிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. ஜெர்மனி மினுக்கும் முன்விளக்கை அனுமதிப்பதில்லை. பிரிட்டன் 2005 முதல் அனுமதிக்கிறது என்றாலும், நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை, சீரான இடைவெளியில் மினுக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறது. சில மலிவு விளக்குகளில் வெட்டி வெட்டி அடிக்கும் அதிவேக மினுக்கல், என்னைக் கேட்டால், சாலைக்கு உகந்ததே அல்ல.

பகலில் கதை வேறு. நம் நாட்டில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரிய விட்டே ஓடுவதால், அந்த வரிசையில் உங்கள் சிறு விளக்கின் நிலையான ஒளி கரைந்துபோகும். சுற்றிலும் வெளிச்சம் இருப்பதால் தொலைவைக் கணிப்பதிலும் சிக்கல் இல்லை. ஆகவே, மாலையில் வெயில் இருக்கும்போதே வீடு திரும்பினால் தாராளமாக மினுக்க விடலாம்.

லாரி ஓட்டுநரின் கோபத்துக்கு, விளக்கு மேல்நோக்கி இருந்ததும் காரணமாக இருக்கலாம். மிதிவண்டியைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஒளிவட்டத்தின் நடுப்பகுதி, விளக்கு பொருத்தப்பட்ட உயரத்தைவிடக் கீழே விழ வேண்டும். ஹேண்டில்பாரில் உள்ள பிடி தளர்ந்திருந்தால் குண்டுகுழியில் குலுங்கி விளக்கு மறுபடி நிமிர்ந்துவிடும் என்பதால், திருகை இறுக்கிவிடுங்கள்.

பேட்டரிக்காக மினுக்க விட வேண்டியதில்லை. தெருவிளக்கு உள்ள சாலையில் குறைந்த ஒளி அளவில் நிலையாக எரிய விட்டாலே வேலைக்குப் போய்த் திரும்பப் பெரும்பாலும் போதும். பணியிடத்தில் யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் செய்ய முடிந்தால் அந்தக் கவலையும் இல்லை.